மாப்பிள்ளைக்குக் கேடயம்

மார்ச் 4, செவ்வாய்

பல் விளக்கிக்கொண்டிருக்கும்போதே போன். நகர நலச் சங்கத்தின் செயலாளர். மேயரின் கணவருக்கு இந்த வருடம் 'பொதுத்தொண்டு, விருந்தோம்பல்' விருது கொடுக்கிறார்களாம். பாராட்டு மடலை நான் எழுத வேண்டுமாம். "நீங்க மேயரம்மாவோட கூடப்பிறந்த அக்கா. பாடநூல் அலுவலகத்துல பதிப்பாசிரியர் வேற. உங்களை விட்டா யாரு மேடம்?" வாயில் நுரை இருந்ததால் 'ம்' என்றுதான் சொல்ல முடிந்தது. அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

மார்ச் 5, புதன்

அம்மாவிடம் சொன்னேன். கண் கலங்கிவிட்டாள். "மாப்பிள்ளைக்குத் தகும்டி. அன்னிக்கு என் காலுக்குத் தைலம் தேய்ச்சுவிட்டாரே, பெத்த பிள்ளை செய்வானா?"

அன்னிக்கு என்பது போன வருடம். ஒரே ஒரு நாள். அம்மா என் வீட்டுக்கு வந்து நான்கு வருடமாகிறது. அந்தத் தைலத்தை வாங்கி வந்தது யார் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

இவரிடம் சொன்னேன். "மனு கொண்டு வர்றவங்களுக்கு டீ போட்டதுக்கா விருது?" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே தம்ளரை நீட்டினார், இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லி.

மார்ச் 6, வியாழன்

ஓர் ஆண் டீ ஆற்றினால் விருந்தோம்பல். நான் ஆற்றினால் 'சூடு பத்தலை'.

இதைப் பொறாமை என்று சொல்வார்கள். சரி, எழுதிப் பார்க்கிறேன்: பொறாமை. எழுத்தில் அப்படியொன்றும் பெரிதாகத் தெரியவில்லை. நெஞ்சில்தான் புளித்த ஏப்பம் மாதிரி வந்துகொண்டே இருக்கிறது.

தங்கையின் முதல் தேர்தலுக்கு என் வீடுதான் அலுவலகம். மூன்று மாதம் அவள் இங்கேதான் படுத்தாள், இங்கேதான் அழுதாள். அவள் பேச வேண்டியதையெல்லாம் நான் எழுதினேன். வந்தவர் போனவர் அத்தனை பேருக்கும் சமைத்து வைத்துவிட்டு ஓட்டமும் நடையுமாக ஆபீஸ் போனேன். வென்ற அன்று மேடையில் அவள், "எனக்குப் பின்னால நின்னவர் இவர்தான்" என்று கணவரைக் கைகாட்டினாள். அவர் அப்போது ஒரு கம்பெனியில் கட்டட வரைபடம் போட்டுக்கொண்டிருந்தார். வேலையை விட்டது அதற்கப்புறம். மூன்று மாதமும் மாலையில் வந்து போனவர்தான். பின்னால்தான் நின்றார், பொய்யில்லை. அவருக்கும் பின்னால் அடுப்பு இருந்தது.

ஆறு வருடமாகிறது. எனக்குக் கேடயம் வேண்டாம். அவள் ஒரு தடவை என் பக்கம் திரும்பிப் பார்த்திருக்கலாம்.

மார்ச் 9, ஞாயிறு

மடலுக்குத் தகவல் வேண்டும் என்று தங்கை வீட்டுக்குப் போனேன். முன் அறையில் மனுவோடு வந்தவர்கள். சந்தைப் பக்கத்திலிருந்து இரண்டு கடைக்காரர்கள், ஒரு சாக்கடைத் தகராறு. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எதிரெதிர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை உள்ளேயிருந்து வந்தார். தோளில் துண்டு, கையில் தட்டு. "முதல்ல டீ, அப்புறம் தகராறு." தட்டை முதலாமவரிடம் கொடுத்து, "அண்ணே, அவருக்கு ஒண்ணு எடுத்துக் குடுங்க, எனக்கு அடுப்புல பால் பொங்குது" என்று உள்ளே போய்விட்டார். அடுப்பு அணைந்திருந்ததை நான் பார்த்தேன்.

முதலாமவர் வேறு வழியில்லாமல் எழுந்து எதிராளிக்கு டீயை நீட்டினார். அவரும் வாங்கிக்கொண்டார்.

"தன் கையால டீ குடுத்தவன்கிட்ட போய் உடனே கத்த முடியாதுக்கா" என்றார் மாப்பிள்ளை. "பாதி சண்டை அங்கயே ஆறிடும்."

சாமர்த்தியம்தான். ஆனால் தொண்டா? பால் பொங்குகிறது என்று பொய் சொல்வது தொண்டா?

தங்கை ஏதோ கூட்டத்துக்குக் கிளம்பி வந்தாள். "வாக்கா, சாப்டியா? இவர்கிட்ட கேளு, எல்லாம் சொல்வாரு." வாசலுக்குப் போனவள் திரும்பி வந்து அவர் காதில் ஏதோ சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியெல்லாம் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பு.

வரும்போது மாப்பிள்ளை ஒரு பை நிறையப் பழம் கொடுத்தனுப்பினார். அம்மாவுக்காம். வேண்டாம் என்று சொல்லவும் முடியாது பார், அப்படிக் கொடுப்பார்.

மார்ச் 11, செவ்வாய்

மடல் எழுதினேன். 'தன்னலமற்ற' — அடித்தேன். 'அளப்பரிய' — அடித்தேன். 'வந்தாரை வாழவைக்கும்' — யாரை வாழவைத்தார்? அடித்தேன். மிஞ்சியது பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் நன்னடத்தைச் சான்றிதழ் மாதிரி இருந்தது. எனக்குத் திருப்தி.

மாலையில் செயலாளர் படித்துவிட்டுப் பேசினார். "எல்லாம் சரி மேடம்... கொஞ்சம் உப்பு கம்மியா இருக்கு."

அடித்ததையெல்லாம் திரும்ப அள்ளிப் போட்டேன். கூடவே 'கருணையின் உறைவிடம்'. சாப்பிடட்டும்.

மார்ச் 14, வெள்ளி

மாப்பிள்ளை ஆபீசுக்கே வந்துவிட்டார். என் மேசைக்கு எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்து கைக்குட்டையை முறுக்கிக்கொண்டிருந்தார். முன் அறையில் ஊரையே ஆளுகிற மனிதர்!

"அக்கா, ஏற்புரை சொல்லணுமாம். எனக்கு மேடைன்னா கை காலெல்லாம் உதறும். ரெண்டே ரெண்டு நிமிஷத்துக்கு எழுதிக் குடுங்க."

"எதைப் பத்தி?"

"வந்தவங்களைக் கவனிக்கிறதைப் பத்தித்தான். உங்களுக்கு வராததா?"

பாராட்டுவதும் நானே, பாராட்டுக்கு நன்றி சொல்வதும் நானே. அவர் நடுவில் வந்து கேடயத்தை வாங்கிக்கொண்டு போவார். சிரிப்பு வந்தது. தலையாட்டினேன். என்ன பிறவியோ, மாட்டேன் என்ற சொல் மட்டும் எனக்கு வருவதில்லை.

மார்ச் 15, சனி

ஏற்புரை முடிந்தது. ஒரே மூச்சில். ஒரு சொல்கூட அடிக்கவில்லை. எனக்கே ஆச்சரியம். திரும்பப் படிக்காமல் உறையில் போட்டுக் கொடுத்தனுப்பிவிட்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

காலையில் இவர் டீ போட்டார்! அடுக்களையில் பாத்திரம் உருள்கிற சத்தம் கேட்டு ஓடினால், மேசையில் இரண்டு தம்ளர். சர்க்கரைக்குப் பதில் உப்பு இல்லை, அந்த மட்டும் பாக்கியம். பக்கத்திலேயே நின்று என் முகத்தைப் பார்த்தார்.

"எப்படி?"

"நல்லாருக்கு."

"எனக்கு எப்போ விழா?"

அடுப்பு முழுக்கப் பால். துடைத்தேன்.

மார்ச் 22, சனி

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

அரங்கம் நிறைந்த கூட்டம். மேடையில் தங்கையும் மாப்பிள்ளையும். நான் மூன்றாவது வரிசையில், அம்மாவும் இவரும் இரண்டு பக்கமும். செயலாளர் மடலை வாசித்தார். 'கருணையின் உறைவிடம்' வந்தபோது கைத்தட்டல். அம்மா அழுதாள். எனக்குப் பற்றி எரிந்தது — என் சொற்களே எனக்கு எதிராகக் கை தட்டின.

அப்புறம் மாப்பிள்ளை எழுந்தார். காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தலை நிமிராமல் வாசித்தார். முன்கூட்டியே ஒரு தடவை படித்துப் பார்த்திருக்கவில்லை, நன்றாகத் தெரிந்தது.

"எங்கள் சாப்பாட்டு மேசையில் சுவரொட்டிப் பசை காய்ந்த தழும்பு இன்னும் இருக்கிறது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் பெரிய ஆட்களாகிவிட்டார்கள். அதில் மகிழ்ச்சிதான். பரிமாறியவர் சாப்பிட்டாரா என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை."

ஐயோ. அவர்கள் வீட்டு மேசை கண்ணாடி போட்டது. தேர்தலுக்கு அப்புறம் வாங்கியது. தழும்பு இருப்பது என் மேசையில். அவருடைய உரை என்று நினைத்துக்கொண்டு என்னுடையதை எழுதியிருக்கிறேன். நினைத்துக்கொண்டா? தெரிந்தேவா? சத்தியமாகத் தெரியவில்லை.

மாப்பிள்ளை அந்த இடத்தில் ஒரு கணம் நின்றார். தண்ணீர் குடித்தார். பிறகு ஒரு வரி விடாமல் முழுவதையும் வாசித்தார். கூட்டத்துக்கு ஒன்றும் தெரியாது, அடக்கமான மனிதர் என்று தட்டித் தீர்த்தார்கள்.

தங்கைக்குத் தெரிந்துவிட்டது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். எத்தனை நாள் ஏங்கிய பார்வை! நான்தான் தலையைக் குனிந்துகொண்டேன்.

விழா முடிந்ததும் நேரே காரில் ஏறிப் போய்விட்டாள்.

மார்ச் 23, ஞாயிறு

பேப்பரில் மாப்பிள்ளையின் படம், கேடயத்தோடு. அம்மா வெட்டி வைத்துக்கொண்டாள். போன் வரவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

போன் வந்தது. எடுத்ததும் சண்டை.

"மேடையில உக்கார வச்சு என்னை அறைஞ்சிட்டல்ல?"

"வேணும்னு எழுதலை."

"வேணும்னே எழுதியிருந்தாக்கூடப் பரவாயில்லக்கா. ஆறு வருஷமா வாயில என்ன கொழுக்கட்டையா?"

"நீ கேட்டியா?"

"உன் மூஞ்சியப் பாத்தா யாருக்குக் கேக்கத் தோணும்? எப்பப் பாரு பரீட்சைத் தாள் திருத்துற மாதிரி! உனக்கு நன்றி சொன்னா அதுலயும் தப்புக் கண்டுபிடிப்பியோன்னு எனக்குப் பயம். அவருக்குச் சொன்னா அவர் பாட்டுக்குப் பல்லைக் காட்டுவாரு. சுலபமா இருந்துச்சு, சொல்லிட்டேன்."

அவள் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதி அநியாயம். சுலபமானவர்களுக்குத்தான் நன்றியா? சுமந்தவள் சிரிக்கவும் வேண்டுமா?

"சாப்டியா?" என்றாள் கடைசியில்.

"இன்னும் இல்ல."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும்.

மார்ச் 30, ஞாயிறு

பத்து மணி வாக்கில் தங்கை வந்தாள். மேயர் காரில் இல்லை, வாடகைக் காரில். கையில் பழமும் இல்லை, ஒன்றும் இல்லை. அம்மாவோடு கொஞ்ச நேரம் வம்பு. இவரை டீ போடச் சொன்னாள், முகத்தைச் சுளிக்காமல் குடித்தாள். அப்புறம் என் அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். சபையில் அவளைத் தினமும் குதறுகிற எதிர்க்கட்சி ஆளைப் பற்றிப் பேசினாள். முட்டி வலியைப் பற்றி. அடுத்த தேர்தலில் நிற்பதா வேண்டாமா என்பதைப் பற்றி. பேசிக்கொண்டே என் கட்டிலில் கண்ணயர்ந்துவிட்டாள், செருப்புக்கூடக் கழற்றாமல். நான்தான் கழற்றினேன்.

மதியம் மாப்பிள்ளை போன் செய்தார். "அக்கா, அவ அங்கயா இருக்கா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே. தேர்தல் விஷயம் ஏதாவது பேசினாளா?"

குரல் எப்போதும்போல மரியாதையாகத்தான் இருந்தது. அடியில் மட்டும் மெல்லிசாக ஒரு புளிப்பு. எனக்கு அது நன்றாகத் தெரியும்.

"தூங்குறா" என்றேன். எழுப்பட்டுமா என்று கேட்கவில்லை.