சாவடியில் ஒரு நாற்காலி

மகளின் அப்பாவுக்கு,

நலம். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. சண்டை வந்ததால் மொழிக் கணக்கெடுப்புதான் நின்றுவிட்டது. மலைக்கு மலை மாறும் பேச்சைப் பதிவு செய்ய வந்த என்னை, நேற்று என் ஊர்ப் பையன்கள் துப்பாக்கியோடு வந்து அழைத்துப்போய், பாலத்துச் சாவடியில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள்.

“அக்கா, பேச்சைக் கேட்டே எந்த ஊருன்னு சொல்லிடுவீங்களாமே? வர்றவங்களைப் பேச வைக்கிறோம். நம்ம ஆளா, அந்தப் பக்கத்து ஆளான்னு மட்டும் சொல்லுங்க.”

மூங்கில் குருத்துக் கூடையோடு ஒருத்தி வந்தாள். “சந்தைக்குப் போறேன்” என்றாள், எங்கள் மொழியில்தான். ஆனால் கடைசி எழுத்தை விழுங்கினாள், அந்தப் பக்கத்தவள். போன மாதம் அவள் வீட்டில்தான் தாலாட்டுப் பதிவு செய்தேன். என்னைத் தெரிந்ததாக அவள் காட்டிக்கொள்ளவில்லை.

“நம்ம ஆளுதான்” என்றேன்.

விட்டுவிட்டார்கள். அவள் பாலத்தைக் கடக்கும்வரை அவர்கள் தலைவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“உங்க பேச்சும் கொஞ்சம் மாறியிருக்கே, அக்கா. மாமா எந்தப் பக்கம்?”

உங்களோடு பேசிப் பேசி ஒட்டிக்கொண்ட சாயல் அது.

“அவருக்கு ஷில்லாங்ல வேலை” என்றேன். சிரித்தான். இன்றும் வரச் சொல்லியிருக்கிறான்.

மகளோடு அங்கேயே இருங்கள். போனில் கூப்பிடாதீர்கள். உங்கள் குரலை இங்கே யாரும் கேட்கக் கூடாது.

உங்கள்
வீட்டுக்காரி