ஜெயமணி கேட்ட கல்

ஜூலை 8, திங்கள்

சனிக்கிழமை கராச்சர்மா ஸ்டாண்டில் பஸ்ஸை நிறுத்திவிட்டுக் கழிப்பறைக்கு ஓடினேன். ஒரு சொட்டு வரவில்லை. அடிவயிறு உப்பி உயிர் போனது. ஆஸ்பத்திரியில் குழாய் விட்டார்கள். இப்போது தொடையில் மூத்திரப் பை. இதைக் கட்டிக்கொண்டிருப்பவனிடம் எந்த முதலாளி ஸ்டியரிங்கைக் கொடுப்பான்?

பிராஸ்டேட் வீக்கமாம். பெங்காலி டாக்டர் டிரைவருக்குப் புரியும்படி சொன்னார். சுரப்பியிலும் மூத்திரப்பையின் வாயிலும் உள்ள தசை, போட்ட ஹேண்ட் பிரேக் மாதிரி இறுகியிருக்கிறது. ‘இறுக்கு’ என்ற கட்டளை ஆல்பா என்ற வாசல் வழியாகத்தான் தசைக்குப் போகுமாம். டாம்சுலோசின் மாத்திரை அந்த வாசலை அடைத்துவிடும். வீக்கம் குறையாது, பிரேக் மட்டும் தளரும். வெள்ளிக்கிழமை குழாயை எடுத்துப் பார்ப்பார்கள். அப்போதும் மூத்திரம் போகவில்லை என்றால் ஆபரேஷன்.

ஜூலை 9

காலையில் என் மனைவி ஜெயமணி பெரிய டம்ளரில் வாழைத்தண்டுச் சாறு நீட்டினாள்.

“கல்லுக்கு இதாங்க மருந்து.”

“எந்தக் கல்லு?”

“டாக்டர் சொன்னாரே, கல்லு கல்லுன்னு!”

அவர் இந்தியில் சொன்னது, “கல் சே கோலி” — நாளையிலிருந்து மாத்திரை! இந்தத் தீவுக்கு வந்து இத்தனை வருஷம் மீன்காரியிடம் இந்தியில் பேரம் பேசுகிறவள். பயம் வந்தால் காது தமிழுக்குத் திரும்பிவிடும் போல. குடித்தேன். பைதான் நிரம்பியது.

ஜூலை 10

சட்டென்று எழுந்தேன், தலை சுற்றியது. கதவைப் பிடித்துக்கொண்டேன். ரத்தக் குழாயிலும் அதே வாசல் உண்டாம், அழுத்தம் இறங்குமாம். இந்த இன மருந்துகள் சிலவற்றை பி.பி.க்கே கொடுக்கிறார்களாம். மெதுவாக எழச் சொல்லியிருந்தார் டாக்டர், மறந்துவிட்டேன்.

ஸ்டியரிங்ல இப்படிச் சுத்துனா? பஸ் நிறைய ஸ்கூல் புள்ளைங்க... பயமா இருக்கு.

ஜூலை 11

உட்கார்ந்து, நிதானித்து எழுந்தேன். சுற்றவில்லை. மறுபடியும் சாறு.

ஜூலை 12, வெள்ளி

குழாயை எடுத்தார்கள். தண்ணீர் குடித்துக் காத்திருந்து கழிப்பறைக்குப் போனேன். வெளியே ஜெயமணி.

“வருதாங்க?”

முதலில் சொட்டு. பிறகு —

“கேக்குது, கேக்குது!” வராந்தா முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். வெட்கமாக இருந்தது. அழுதும்விட்டேன்.

டாக்டரிடம் கல் கதையைச் சொன்னேன். சிரித்தார். சிறுநீர்க் குழாயில் சிக்கிய கல் இறங்கவும் சிலருக்கு இதே மாத்திரை கொடுப்பதுண்டு என்றார். அவ்வளவுதான், ஜெயமணிக்குத் தலைகால் புரியவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

படுக்க வைத்தும் நிற்க வைத்தும் பி.பி. பார்த்தார் டாக்டர். ஓட்டலாம். மாத்திரையை மட்டும் விடக் கூடாது.

சாயங்காலம் வேலைக்கு வரச் சொல்லி முதலாளி போன், ஸ்பீக்கரில்: “ஈஸ்வரன் பாய், கல் ஆ ஜாவோ.”

“இந்தக் கல்லு எனக்கு நல்லாவே புரியுது” என்று சொல்லிவிட்டு ஜெயமணி அரிவாள்மணையை எடுத்தாள்.

நாளை டிபன் பாக்ஸில் வாழைத்தண்டுப் பொரியல்.