அரியூர்ப் பட்டியில் கழிச்சல்

9 ஆகஸ்ட் 1937
கொல்லிமலைச் சுற்று. அரியூர் நாட்டில் பொன்னாயியின் பட்டியில் பதினொரு உருப்படிகள். மயிலைப் பசுவுக்கு மூன்று மாதமாகத் தண்ணீராய்க் கழிகிறது. காய்ச்சல் இல்லை. தீனியும் குறையவில்லை. ஆனால் விலா எலும்பை எண்ணலாம்.

"தின்னுறதெல்லாம் எங்கீங்க டாக்டரு போவுது?" என்றாள் பொன்னாயி.

புழுவென்று நினைத்து முன்பே இரண்டு முறை மருந்து கொடுத்திருந்தேன். பலனில்லை. இன்று சாணத்தைக் கண்ணாடிச் சில்லில் தடவிச் சென்னைக்குச் சோதனைக்கு அனுப்பினேன்.

30 ஆகஸ்ட்
பதில் வந்தது. ஜோனி நோய். குடல் தடித்துவிடும், தின்றது உடம்பில் ஒட்டாது. மருந்து கிடையாது. சாணத்தின் வழியாகக் கன்றுகளுக்குத் தொற்றும். தொற்றியது வெளியே தெரிய வருடங்கள் ஆகும்.

போன வருடம் அடிவாரச் சந்தையில் மயிலைப் பசுவைப் பார்த்து, 'நல்ல கறவை, வாங்குங்க' என்று பொன்னாயியிடம் சொன்னவன் நான்.

4 செப்டம்பர்
பட்டியில் எல்லாவற்றுக்கும் கழுத்துத் தோலில் சோதனை ஊசி போட்டேன். நோய் தொற்றியிருந்தால் அந்த இடம் தடிக்கும். மழை.

6 செப்டம்பர்
ஊசி போட்ட இடத்தை அளந்தேன். மயிலையோடு இன்னும் மூன்று பசுக்களுக்குத் தோல் தடித்திருக்கிறது. பார்வைக்கு அந்த மூன்றும் நல்ல வாட்டசாட்டமாகத்தான் இருக்கின்றன.

"செம்மேட்டுச் சந்தைக்கு ஓட்டிட்டா ஆருக்குத் தெரியும்?" என்றான் அவள் கணவன் சென்றாயன்.

"வாங்குறவ ஊட்லயும் கன்னு இருக்குமில்ல?" என்றாள் அவள்.

அதன் பிறகு என்னால் மறைக்க முடியவில்லை. நான் பார்த்துச் சொன்ன பசுவோடுதான் நோய் வந்திருக்க வேண்டும் என்றேன். சென்றாயன் எழுந்து போய்விட்டான்.

"தெரிஞ்சா சொன்னீங்க?" என்றாள் பொன்னாயி.

"இல்லைம்மா."

"அப்ப இனி என்ன பண்ணோணும்னு சொல்லுங்க."

சொன்னேன். நான்கும் ஓடைக்குக் கீழ்ப்புறம் தனிப்பட்டியில் நிற்க வேண்டும். சாணம் குழிக்குள். கன்று பிறந்தவுடன் தாயிடமிருந்து பிரித்து, நோயில்லாத பசுவின் பாலைப் புகட்ட வேண்டும்.

14 ஜனவரி 1938
பொங்கல். தனிப்பட்டியில் ஒரு பசு கிடாரிக் கன்று போட்டது. தாய் நக்குவதற்குள் தூக்கிவிட்டோம். தாய்ப்பசு கத்திய கத்தல்! பொன்னாயி கன்றைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "இந்தப் பாவம் எனக்குங்களா, உங்களுக்குங்களா?"

மாட்டு வைத்தியப் புத்தகத்தில் ஒரே ஒரு வரிதானே போட்டிருக்கிறான். கன்றைப் பிரிக்கவும். அவ்வளவுதான். கத்துவதை எங்கே எழுதினான்?

2 மார்ச்
மயிலை செத்தது. ஆழமாகக் குழி எடுத்தது சென்றாயன்தான். என்னோடு பேசவில்லை.

11 நவம்பர் 1939
தனிப்பட்டியில் இன்னொன்றும் போயிற்று. மற்ற இரண்டும் அங்கேயே நிற்கின்றன. ஓடைக்கு மேலே, நோயில்லாதவை நிற்கும் மேல்பட்டியில் சோதனை: எதற்கும் தடிப்பு இல்லை. ஒரு சோதனையை நம்பி அவசரப்பட வேண்டாம்.

23 பிப்ரவரி 1941
மேல்பட்டியில் மூன்றாவது சோதனையும் சுத்தம். பொங்கலன்று பிரித்த கிடாரி போன வாரம் தலைச்சன் ஈன்றிருக்கிறது. நான் போனபோது கன்று மடியை முட்டி முட்டிக் குடித்துக்கொண்டிருந்தது. தாய் அதன் முதுகை நக்கிக்கொண்டிருந்தது. பொன்னாயி கேட்டாள்: "கன்னைத் தாயோடவே உடலாமுங்களா?"

விடலாம் என்றேன்.

சென்றாயன் எனக்கு உட்காரப் பலகை எடுத்துப் போட்டான்.