எனிட் அம்மாள் வீட்டு அழைப்பு மணி

ஹார்ட்டில்பூல்
மார்ச் 9

அன்பு மகள் ரோவீனாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நடமாட்டத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், கடல் காற்று திசை மாறினால் மட்டும் அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு என்னைத் திட்டுகிறாள். டனிடினில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும், அதுதான் எங்களுக்கு வேண்டியது. பயிற்சி முடிந்ததும் சான்றிதழைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு படம் எடுத்து அனுப்புங்கப்பா என்று கேட்டிருந்தாய். படம் வராது கண்ணு. ஏன் என்று உன்னிடமாவது கொட்டாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது, அவ்வளவு அருவருப்பாக இருக்கிறது.

எங்களுடையதுபோல் வீடுகளை வாடகைக்கு விடும் வீட்டுவசதிச் சங்கத்தில் மேலாளராக இருப்பவர்கள் எல்லாரும் தொழில்தகுதிச் சான்றிதழ் வாங்கியே தீரவேண்டும் என்று புதுச் சட்டம் வந்தது உனக்குத் தெரியும். முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவனைக் கடற்கரை ஹோட்டலில் உட்காரவைத்து, பயிற்சி நடத்த ஃபெனெல்லா என்று ஒரு பெண், உன்னைவிடச் சின்னவள், கலர் கலராகச் சீட்டுக் கொடுத்து மரியாதை, கனிவு என்று எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னாள். ஒட்டினோம். அப்புறம் திரையில் எங்கள் கிளையின் பெயரைப் போட்டு, இங்கே ரிப்பேர் புகார்கள் பாதியாகக் குறைந்துவிட்டன, எல்லாரும் கைதட்டுங்கள் என்றாள். தட்டினார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், ஏனென்றால் குறைத்தது என் ஏற்பாடுதான். ரிப்பேர் ஆள் போய் மணியடிப்பான், கதவு திறக்காவிட்டால் ‘வந்தோம், நீங்கள் இல்லை’ என்று ஓர் அட்டையைக் கதவில் செருகிப் படம் எடுப்பான். மூன்று அட்டை விழுந்தால் புகார் தானாக மூடிக்கொள்ளும், வாடகைதாரர் ஒத்துழைக்கவில்லை என்று கோப்பில் பதிவாகும். கோப்பு சுத்தம், எங்களுக்கு நல்ல பெயர்.

வாடகைதாரர் ஒருவரை நீங்கள் மரியாதையோடு நடத்திய சம்பவத்தைப் பற்றி நாலு பக்கம் எழுதுங்கள் என்பதுதான் கடைசித் தேர்வு. நல்லதாக ஒன்று பொறுக்கலாம் என்று மூடிய கோப்புகளைப் புரட்டினேன். எனிட் பிளாக்கெட் என்று ஒரு அம்மாள், எழுபத்து நாலு வயசு, மூன்றாம் மாடியில் தனியாக இருப்பவர். அவர் புகார் என்ன தெரியுமா? அவருக்குக் காது அறவே கேட்காது, வாசலில் மணியடித்தால் உள்ளே ஒரு விளக்கு மின்னும், அந்த விளக்கு கெட்டுப்போய்விட்டது, சரிசெய்து கொடுங்கள் என்று கைப்பட எழுதியிருந்தார். அதைச் சரிசெய்யப் போனவன் அதே மணியை அடித்துவிட்டு, ஆள் இல்லை என்று அட்டை செருகியிருக்கிறான். மூன்று தடவை. சொன்ன தேதியில் அந்த அம்மாள் காலை எட்டு மணியிலிருந்து கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார், கழிப்பறைக்குப் போய் வருவதற்குள் அட்டை கிடக்கிறது, அதையும் எழுதி அனுப்பியிருக்கிறார். அட்டையில், தொலைபேசியில் கூப்பிடுங்கள் என்று வேறு அச்சடித்திருக்கிறோம்! காது கேட்காதவரிடம்! ஒத்துழைக்காததற்கு எச்சரிக்கைக் கடிதமும் போயிருக்கிறது, அடியில் என் கையெழுத்து. படித்துப் பார்த்துப் போட்டேனா என்று கேட்காதே.

அதோடு போகவில்லை, கோப்பின் கடைசியில் ஆஸ்பத்திரிக் கடிதம் ஒன்று இருந்தது. காலில் ஆறாத புண்ணுக்குக் கட்டுப்போட வந்த நர்ஸும் மணியடித்துப் பார்த்துத் திரும்பிப் போயிருக்கிறாள். நாலு வாரம். காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மாடியேற முடியாதவரைத் தரைத்தள வீடு கிடைக்கும்வரை ஆஸ்பத்திரி வெளியே விடாது, ஒத்துழைக்காதவர் என்று பதிவு இருக்கும்வரை எங்கள் சங்கம் வேறு வீடு தராது.

இதைத்தான் நாலு பக்கமும் எழுதினேன். என் மேலதிகாரி ஹிலரி படித்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். என்ன கிளிஃப், கிறுக்குப் பிடிச்சிருக்கா, பரீட்சைக்கு எழுதச் சொன்னா பாவமன்னிப்புக் கேட்டு வச்சிருக்கீங்க, அந்தம்மா காலுக்கு நாமதான் பொறுப்புன்னு நாமளே கைப்பட எழுதிக் குடுக்கறதா, யாராவது கிழவருக்குக் கிறிஸ்மஸ் கூடை கொண்டுபோய்க் குடுத்ததை எழுதிட்டு வேலையப் பாருங்க என்றாள். கூடை கதையும் என்னிடம் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன், ஒரு நாள் பூராவும் அதை எழுதலாமா என்று நினைத்தேன். அப்புறம் முதலில் எழுதியதையே கொடுத்தேன், ஒரு நகலை, சங்கத்துக்கு வெளியே இருந்து எங்கள்மேல் வரும் புகார்களை விசாரிக்கும் அதிகாரிக்கும் அனுப்பினேன். ஃபெனெல்லா திருப்பி அனுப்பினாள்: இன்னும் தகுதி பெறவில்லை, மரியாதை என்ற தலைப்புக்கு நல்ல உதாரணம் தரத் தவறிவிட்டார். சான்றிதழ் இல்லை, அதனால் மேலாளர் நாற்காலியும் இல்லை, ஏப்ரலிலிருந்து சாவி கொடுக்கிற கவுண்டரில் உட்காரப் போகிறேன். அம்மா ரெண்டு நாள் திட்டுவதைக்கூட விட்டுவிட்டுச் செலவுக் கணக்குப் போட்டாள், மூன்றாம் நாள் நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க என்று சொல்லிவிட்டு மறுபடி திட்ட ஆரம்பித்தாள். அந்த அதிகாரி கேட்டதும் எனிட் அம்மாள் ஒத்துழைக்காதவர் என்ற பதிவை நீக்கிவிட்டார்கள், அடுத்த மாதம் தரைத்தளத்தில் ஒரு வீடு காலியாகிறது, அது அவருக்கு.

போன ஞாயிறு அவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். கட்டிலருகே குனிந்து, அட்டை, கடிதம், கையெழுத்து எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னேன், மன்னிப்புக் கேட்டேன். எல்லாம் முடிந்ததும், அதெல்லாம் சரிங்க, அந்த பெல்லு லைட்டைச் சரி பண்ணியாச்சா என்று கேட்டார். பண்ணவில்லை ரோவீனா. யாருமே பண்ணவில்லை. நாலு பக்கம் எழுதினேனே, அதை எழுதிய நாளெல்லாம் எனக்கு அது தோன்றவே இல்லை. அவரிடமே சாவி வாங்கிக்கொண்டு நேராக அந்த வீட்டுக்குப் போனேன். ஒரு கம்பி கழன்றிருந்தது. காரிலிருந்த ஸ்க்ரூடிரைவரை வைத்து நாலு நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

கடவுள் உங்கள் மூவருக்கும் நல்ல உடம்பும் நல்ல மனசும் கொடுக்கட்டும், குழந்தைக்கு என் முத்தங்கள். மேல்வீட்டுப் பெரியவர் தட்டினால் திறப்பதே இல்லை, ஒரு மாதிரி ஆள் என்று எழுதியிருந்தாயே, இதைப் படித்ததும் போய்த் தட்டு. திறக்காவிட்டால் திரும்பி வந்துவிடாதே, அங்கேயே நில்.

உன் அன்பு அப்பா,
கிளிஃபர்ட் ரட்