நடுத்தட்டு காலியில்லை

அன்புள்ள பெரியகுட்டிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவின் இடுப்பைத் தவிர மற்ற எல்லாரும் எல்லாமும் நலம். அங்கே நீ நலமா, உன் இடது முட்டி நலமா, தோள்பட்டை நலமா, மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் வேண்டும். மொத்தமாக “நல்லா இருக்கேம்மா” என்று ஒரே வரியில் முடித்தால் செல்லாது. இரண்டு ஞாயிறாக விடுதிப் போனுக்கு நீ வரவே இல்லை. ஒவ்வொரு முறையும் உன் அறைத்தோழிதான் எடுக்கிறாள், நீ குளித்துக்கொண்டிருக்கிறாய் என்கிறாள். போன வாரம் போன ஆள் இன்னுமா குளிக்கிறாள், தோல் ஊறிவிடாதா என்று கேட்டேன். பாவம், அந்தப் பெண்ணுக்குப் பொய் வரவில்லை, சிரித்துவிட்டாள், பிறகு உண்மையைச் சொல்லிவிட்டாள். லீவுக்கு எல்லாரும் வீட்டுக்குக் கிளம்பும்போது நீ மட்டும் விடுதியிலேயே இருக்கப் போவதாகப் பெயர் கொடுத்திருக்கிறாயாமே. “அவ தன்னையே ஜீரோன்னு சொல்லிக்கிறா ஆன்ட்டி. வீட்டு அலமாரியில ஒரு எடம் காலியா இருக்காம், அத நிரப்ப ஒண்ணு கெடச்சாத்தான் வீட்டுக்குப் போவாளாம்” என்றாள். அவளைத் திட்டாதே. நான் பிடுங்கிய பிடுங்கலில் உன் கோச்சாக இருந்தாலும் சொல்லியிருப்பார்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. கல்லூரியில் ஒரு பாடம் மனோதத்துவம் படித்தவள்தானே, உனக்குச் சொல்ல எவ்வளவோ தயார் செய்து வைத்தேன். இப்போது எல்லாரும் படுத்த பிறகு எழுத உட்கார்ந்தால் ஒன்றும் நினைவில் இல்லை, சாப்பிட்டாயா என்றுதான் வருகிறது. சாப்பிட்டாயா? சரி, அலமாரிக்கு வருகிறேன். நீ போட்டோவில் பார்த்தது அலமாரியை மட்டும்தான், அதன் கதை உனக்குத் தெரியாது. உன் பளுதூக்கும் போட்டிக்கு முன்னால் அப்பா தச்சுப் பட்டறையில் வந்த வேலையையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு அதைச் செய்தார் இல்லையா, அப்போது நடுத்தட்டு எவ்வளவு உயரம் வைப்பது என்று சந்தேகம் வந்துவிட்டது. அளவு தெரியாமல் ஆணி அடிக்கிற ஆளா அவர்? போட்டி நடத்துகிறவர்களுக்கே போன் போட்டுக் கோப்பையின் உயரம் என்ன என்று கேட்டுவிட்டார். யார் பேசுவது என்று கேட்டதற்கு “ஜெயிக்கப் போற பொண்ணோட அப்பா” என்றாராம். அந்த மனிதர் அசரவில்லை. “சார், காலையிலேர்ந்து நீங்க நாலாவது அப்பா” என்றாராம். அப்படி அளவெடுத்துச் செய்த இடம் அது. போதாததற்கு உள்ளே ஒரு பல்பு. பல்பு மாட்ட வந்த எலெக்ட்ரீஷியன் தனி ஸ்விட்ச் வைக்கச் சோம்பல்பட்டு, கூடத்து விளக்கோடு சேர்த்து இணைத்துவிட்டுப் போய்விட்டார். கூடத்தில் விளக்கைப் போட்டால் அதுவும் எரியும். ஆக, போட்டி முடிந்த நாள் முதல் தினமும் சாயங்காலம் ஒன்றுமில்லாத ஒரு தட்டு, பளிச்சென்று, கண்ணாடிக்குள் எரிந்துகொண்டிருக்கிறது. உன் அத்தை ஒரு நாள் பார்த்தார், இரண்டு நாள் பார்த்தார், மூன்றாம் நாள் “ஏண்டா தம்பி, மாப்பிள்ளை ஓடிப்போன கல்யாண மேடை மாதிரி இருக்கேடா” என்று அப்பாவிடம் கேட்டேவிட்டார்.

அப்பாவுக்கு உறைத்துவிட்டது. நீ லீவுக்கு வந்து அதைப் பார்க்கக் கூடாது, பின்கட்டுக்கு நகர்த்திவிடலாம் என்றார். நாலு பேரைக் கூப்பிடுங்கள் என்றேன். “செஞ்சவனுக்குத் தூக்கத் தெரியாதா?” என்று, பரண்மேல் கிடந்த உன் பழைய தோல் பெல்ட்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். கம்பி வழுக்காமலிருக்க நீ பூசிக்கொள்வது போலவே கையில் மாவு வேறு, சமையலறையிலிருந்து எடுத்த கோதுமை மாவு. உன்னைப் போலவே மூன்று முறை முயன்றார். முதல் முறை அலமாரி அசையவில்லை. இரண்டாம் முறை அப்பாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. மூன்றாம் முறை சின்னவள் நடுவர் மாதிரி ஓரமாக நின்று சிவப்புத் துண்டைத் தூக்கிக் காட்டினாள், அதற்குள் அவர் அப்படியே பாதி குனிந்த நிலையில் நின்றுவிட்டார். கட்டில் வரைக்கும் அதே நிலையில்தான் நடத்திக் கூட்டிப் போனோம். இன்றைக்கும் முழுசாக நிமிரவில்லை, ஆனால் பயப்படும்படி இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார், நீ கவலைப்படாதே, அது என் வேலை.

இப்போது நான் கேட்பதற்குப் பதில் சொல். மூன்று முயற்சியும் போய்விட்டால் கணக்கில் ஒன்றுமே ஏறாது, பெயருக்கு எதிரே வெறும் கோடுதான் என்று எனக்கு விளக்கியவளே நீதான். அந்த விதிப்படி அப்பாவுக்கும் கோடுதான். அதற்காக அவரை இரண்டு வாரம் பட்டறையிலேயே இருங்கள், அலமாரி நகர்ந்த பிறகு வீட்டுக்கு வாருங்கள் என்றா சொன்னோம்? தைலம் தேய்த்தோம், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தோம், அவர் பார்க்காதபோது சிரித்தோம், அவர் பார்க்கும்போதும் கொஞ்சம் சிரித்தோம். அவர் இந்த வீட்டில் என்னவாக இருந்தாரோ அதுவாகவே இருக்கிறார், கொஞ்சம் வளைந்திருக்கிறார், அவ்வளவுதான். அந்தக் கோடு நீ தூக்காத கம்பிக்குப் போட்டது. அதை எடுத்து உன் நெற்றியில் நீயே எதற்கு இழுத்துக்கொள்கிறாய்? நீ கெட்டிக்காரி, நல்லவள், அடுத்த முறை ஜெயிப்பாய் என்றெல்லாம் சொல்லித் தேற்றப் போவதில்லை. ஜெயிக்கலாம், ஜெயிக்காமலும் போகலாம், இரண்டுக்கும் நான் சாப்பிட்டாயா என்றுதான் கேட்பேன். நீ பிறந்தபோது எனக்கு இப்போது உனக்கு ஆவதை விட மூன்று வயதுதான் கூட. உன் தலையையே உனக்குத் தூக்கத் தெரியாது, என் கையில்தான் கிடக்கும், கழுத்து மடங்கிவிடுமோ என்று நான் மூச்சுவிடக்கூடப் பயப்படுவேன். ஒரு பஞ்சு எடை தூக்கத் தெரியாத அந்த நாளிலேயே நீ இந்த வீட்டை ஆட்டி வைத்தாய். அதற்கு மேல் நீ தூக்கியதெல்லாம் உன் ஆசைக்குத் தூக்கியது, கண்ணு. எங்களுக்காகத் தூக்க வேண்டிய பாக்கி ஒன்றும் இல்லை.

அலமாரி இருந்த இடத்திலேயே இருக்கிறது. நடுத்தட்டுதான் மாறிவிட்டது. முதலில் நான் இஸ்திரிப் பெட்டியை வைத்தேன், சூடு ஆறட்டும் என்று. சின்னவள் அதைத் தள்ளிவிட்டு மீன் தொட்டியை வைத்தாள், விளக்கு வெளிச்சத்தில் மீன் தூங்காமல் எங்களையே முறைத்தது, எடுத்துவிட்டோம். இப்போது அத்தை பிடித்துக்கொண்டார். ராத்திரி கழற்றுகிற பல் செட்டைக் கண்ணாடி டம்ளரில் போட்டு அங்கேதான் வைக்கிறார், இருட்டில் தேட வேண்டாம், வெளிச்சமாக இருக்கிறதாம். முந்தாநாள் ராத்திரி கீழ்வீட்டு டெய்லரம்மா தைத்த துணி கொடுக்க வந்தவர், கண்ணாடிக்குள் விளக்குப் போட்டுச் சிரிக்கிற பல்லைப் பார்த்து அரண்டுபோய், சமாளித்துக்கொண்டு, “இது பாப்பா எந்தப் போட்டியில வாங்கினது?” என்று கேட்டார். அத்தை பொக்கை வாயோடு கம்பீரமாக, “அது எனக்குக் குடுத்ததுடி. இருந்த பல்லையெல்லாம் தோத்ததுக்கு ஆறுதல் பரிசு” என்றார். அப்பா சிரித்த சிரிப்பில் இடுப்பு இன்னொரு முறை பிடித்துக்கொண்டது.

ஆகவே நீ நிரப்ப வேண்டிய இடம் என்று இங்கே ஒன்றும் இல்லை. நாளைக்கே வார்டனிடம் போய் உன் பெயரை அடித்துவிடச் சொல். நான் வேலை பார்க்கிற பல் டாக்டரம்மாவிடம் இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டேன், கிளினிக்குக்கு வருகிறவர்களுக்கு அவரே டோக்கன் கொடுத்துக்கொள்ளட்டும். நீ வந்ததும் என்ன ஆயிற்று, ஏன் ஆயிற்று என்று யாரும் கேட்க மாட்டோம். அத்தை கேட்பார், பல் செட் போடாத நேரம் பார்த்துப் பக்கத்தில் உட்கார், கேட்டாலும் புரியாது. அழ வேண்டும் என்றால் வந்து அழு, அங்கே தலையணையில் அழுதால் யார் துவைப்பது? வந்து தூங்கு, எத்தனை மணிக்கு எழுந்தாய் என்று குறித்துவைக்க இங்கே யாருக்கும் சம்பளம் இல்லை.

உடம்பும் மனசும் திடமாக, நெடுநாள் நிறைவாக இரு என்று அப்பா படுத்தபடியே ஆசி சொல்கிறார். வரும்போது வீட்டுச் சாவியை மறக்காமல் எடுத்து வா, போன முறை மாதிரி சுவரேறிக் குதிக்காதே. முட்டிக்கு உறை போட்டுக்கொள்.

உன் வரவுக்கு வாசலைப் பார்த்தபடி,
அம்மா

பி.கு.: ஒருவேளை என்றைக்காவது கோப்பை ஏதாவது கொண்டு வருவதாக இருந்தால், முன்கூட்டியே அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். டம்ளரை எடுக்க முடியாது என்று இப்போதே சொல்லிவிட்டார்.