கடுகண்ணாவை முடக்கில் கை காட்டியவர்

சேசு மரி சூசை துணை

மஹய்யாவ, கண்டி
15 மார்ச் 1938

அன்புள்ள மகன் லோரன்சுக்கு அப்பா எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் தங்கச்சி டொரதியும் சுகமாயிருக்கிறோம், நீ கடல் கடந்து ஈப்போவில் சுகம் என்று உன் கையெழுத்தில் கண்டால்தான் அம்மாவுக்குச் சோறு இறங்குகிறது, ஆகையால் மாதம் ஒரு கடிதமாவது போடு. டொரதிக்கு அம்மை இறங்கிவிட்டது, முகத்தில் வடு இல்லை. இங்கே மூன்று வாரமாக ஒரு பொட்டு மழை இல்லை, குழாயடியில் தினமும் சண்டை.

லைசன்ஸ் சோதனையில் இரண்டு முறையும் தவறிவிட்டாய், மூன்றாம் முறையும் தவறினால் கம்பெனி லொறி வேலை வேறு ஆளுக்குப் போய்விடும் என்று எழுதியிருந்தாய். பத்து வயதிலேயே என் மடியிலிருந்து கார் ஓட்டிப் பழகினவனாடா நீ என்று முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம் காரணத்தைப் படித்தேன். இரண்டு முறையும் ரோடு வளைகிற ஒரே முடக்கில் ஒரு பெரியவர் கை காட்டினாராம், நீ நிறுத்தினாயாம், ரோட்டில் ஒருவருமில்லையே, யாருக்காக நிறுத்தினாய் என்று பக்கத்திலிருந்த சோதனைத் துரை கேட்டாராம். கம்பி இரண்டு வெளியே நீட்டிய குடை, இடுப்பில் அணைத்த ஓலைப்பெட்டி என்று அந்தப் பெரியவரை எழுதியிருந்தாய். மகனே, அந்த வரியோடு கடிதத்தை அம்மாவிடம் காட்டாமல் மடித்து வைத்துவிட்டேன்.

அந்த மனிதரை எனக்குத் தெரியும். நீ பிறந்த அன்று எங்கள் தோட்டத்துத் துரையை மாவனெல்லையில் இறக்கிவிட்டு வெறும் காரோடு கடுகண்ணாவை மலையேறி வந்தேன். அம்மாவுக்கு நோவு கண்டுவிட்டது என்று ஆள் வந்து சொல்லியிருந்தார்கள். கொட்டுகிற மழை. முடக்கில் அதே குடையும் ஓலைப்பெட்டியுமாக அவர் கை காட்டினார். அந்த மலையில் மழைக்கு நிற்கிற ஆளை விட்டுப் போகக் கூடாது என்பது எங்கள் டிரைவர்மாரின் கட்டுப்பாடு, துரைமாருக்குத் தெரியாமல் எல்லாரும் ஏற்றுவோம். நான் ஏற்றவில்லை. உன் முகத்தைப் பார்க்கப் பிந்திவிடுமே என்ற அவசரம். மறுநாள் கேள்விப்பட்டேன், அந்த இடத்திலேயே மண் சரிந்து ஒருவர் செத்துப்போனாராம், கட்டுகஸ்தோட்டைக்காரராம். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னதைத் தவிர இருபத்திரண்டு வருஷமாக அம்மாவிடம்கூட மூச்சு விடவில்லை. குடையையும் பெட்டியையும் உனக்கு யார் சொன்னது?

போன ஞாயிறு பூசை முடிந்ததும் முத்துலிங்கத்தின் வாடகைக் காரை இரவல் வாங்கிக்கொண்டு கடுகண்ணாவைக்குப் போனேன். அதே முடக்கில் நிறுத்தி இடது கதவைத் திறந்து, ரொம்ப பிந்திப் போச்சு, ஏறுங்கய்யா என்றேன். பட்டப்பகல், ஒரு ஈ காக்கை இல்லை. ஆனால் என் கை படுமுன் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. திரும்பிப் பார்க்கத் துணிவில்லாமல் ஓட்டி வந்து, கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் நிறுத்தி, இறங்குங்கய்யா என்று சொல்லி அழுதேன். அன்று பின்னேரம் முத்துலிங்கம் வீடு தேடி வந்து, நீங்க ஏத்திக்கிட்டு வந்த ஆளு குடையை விட்டுட்டுப் போயிட்டாரு, சீட்டெல்லாம் ஒரே ஈரம், எங்க மழை பெய்ஞ்சுது என்று கேட்டு அதை நீட்டினார். இரண்டு கம்பி வெளியே நீட்டியிருந்தது.

குடை இப்போது நம் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. யாருடையதென்று தெரியாமல் அம்மா தினமும் வெயிலில் விரித்துக் காயவைக்கிறாள், விடிந்தால் சொட்டுகிறது. ஆகையால் அவர் இறங்கிவிட்டார், இனி வரமாட்டார் என்று உனக்கு எழுத என்னால் முடியவில்லை. பாஸ்காவுக்குப் பிறகு சோதனைக்குப் போகும்போது அந்தோனியார் சுரூபத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொள். அவர் கை காட்டினால் நிறுத்து. துரை என்ன கத்தினாலும் நிறுத்து. லைசன்ஸ் போனால் போகட்டும், வேலை போனால் வீட்டுக்கு வந்துவிடு ராசா. அன்றைக்கு நான் நிறுத்தாமல் ஓடி வந்தும், நீ பிறந்து அரை மணியாகியிருந்தது.

தேவமாதா உன் தலைமேல் கை வைத்துக் காப்பாளாக. அம்மாவுக்கு எழுதும்போது குடை என்று ஒரு வார்த்தை போட்டுவிடாதே, இதை வாசித்ததும் கிழித்துவிடு.

உன் அப்பா,
யாகப்பர்