பறிமுதல் ஆணையின் நான்காம் பத்தியைத் திருத்தக் கோரி

அனுப்புநர்:
எடைமேடைப் பணியாளர்,
(காலஞ்சென்ற குளிர்பதன மெக்கானிக்கின் மனைவி),
கிடங்குத் தெரு, ரயில்வே கேட்டிலிருந்து மூன்றாவது வீடு.

பெறுநர்:
மேல்முறையீட்டு ஆணையர் அவர்கள்,
சுங்கத் துறை மண்டல அலுவலகம், இரண்டாம் தளம்.

பொருள்: அயல்நாட்டில் பதிவான சாம்பல் நிறக் கார் பறிமுதல் – ஆணையின் நான்காம் பத்தியில் என் கணவர் இறந்த நேரம் தவறாக எழுதப்பட்டுள்ளது – திருத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. நடமாடும் சோதனைக் குழுவின் ஆய்வுத் தாள், நாள் ஜனவரி 11.
2. பறிமுதல் ஆணை, நாள் பிப்ரவரி 4.
3. விசாரணைக் கண்காணிப்பாளர் என்னிடம் நேரில் தந்த ஒப்புதல் கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் ஒரு தானியக் கிடங்கின் எடைமேடையில் பதினாறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். லாரி உள்ளே வரும்போது ஓர் எடை, வெளியே போகும்போது ஓர் எடை, பக்கத்தில் நேரம். இவ்வளவுதான் என் வேலை. மேடையில் ஏறாத லாரிக்கு இன்றுவரை நான் எடை எழுதியதில்லை. எழுதச் சொல்லிக் கேட்டவர்கள் உண்டு. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. கீழே நான் குறிப்பிடும் நேரங்களை அழுது புலம்பும் ஒரு பெண்ணின் குத்துமதிப்பு என்று தாங்கள் தள்ளிவிடக் கூடாது என்பதற்காகவே சொல்கிறேன்.

2. என் கணவர் எல்லைக்கு அப்பால் மீன் பதப்படுத்தும் ஆலைகளில் குளிர் அறைகளைப் பழுது பார்த்து வந்தார். ஒன்பது ஆண்டுகள் அங்கே வேலை, அங்கே வாடகை அறை, அங்கே வாங்கிய கார். இரண்டு வாரங்களுக்கு ஒரு முறை வெள்ளிக்கிழமை மாலை அந்தக் காரில் வீட்டுக்கு வந்து, ஞாயிறு மதியம் திரும்பிப் போவார். ஒவ்வொரு முறையும் எல்லையில் தற்காலிக அனுமதிச் சீட்டு வாங்கியிருக்கிறார். எங்கள் தெருவில் அவருக்கு 'ஃபாரின்' என்று பட்டப்பெயர். கார் பதினாலு வருடப் பழசு, இடது பக்கக் கதவு உள்ளேயிருந்து திறக்காது. ஆனாலும் பட்டம் நிலைத்துவிட்டது.

3. அந்தக் காரை நான் ஒன்பது ஆண்டுகளில் ஒரு நாளும் ஓட்டியதில்லை. என்னிடம் ஓட்டுநர் உரிமம் இருக்கிறது. கிடங்கின் வேனை ஓட்டுகிறேன். அவருடைய காரின் ஸ்டியரிங்கை மட்டும் தொட்டதில்லை. இங்கே குடியிருப்பவர் அயல்நாட்டு வண்டியை ஓட்டினால் பறிமுதல் என்பது எங்கள் பக்கத்தில் எல்லா வீடுகளுக்கும் மனப்பாடம். பக்கத்துத் தெருவில் ஒருவர் தன் அண்ணன் காரை எடுத்துக்கொண்டு முனைக்கடையில் பால் வாங்கப் போனார். பால் பாக்கெட் மட்டும் வீடு வந்தது. அதற்குப் பிறகு என் கணவர் என்னை முன் சீட்டில் உட்காரவே விடுவதில்லை. "நீ பின்னாடி உக்காரு. பாக்குறவன் எதையாவது நெனச்சுக்கப் போறான்" என்பார். கட்டிய மனைவியான நான் அன்றிலிருந்து வாடகைக் காரில் போகிறவளைப் போலப் பின்னால் உட்கார்ந்து போனேன்.

4. ஜனவரி 11, சனிக்கிழமை. காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்குக் குளித்துவிட்டு வந்தவர், துண்டோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். நெஞ்சில் ஏதோ அழுத்துகிறது, வாயுவாக இருக்கும் என்றார். துடைத்த முதுகு மறுபடியும் நனைந்துகொண்டே இருந்தது. ஆம்புலன்சுக்கு அழைத்தேன். வண்டி வேறு ஊருக்குப் போயிருக்கிறது, வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். மருத்துவமனை இருபத்தாறு கிலோமீட்டர். அவருடைய கார் வாசலில் நின்றது.

5. நான் ஓட்டுகிறேன் என்றேன். அவர் சாவியைத் தரவில்லை. "வண்டியப் புடுங்கிக்கிட்டா நாளைக்கு நான் எதுல போறது? நானே ஓட்டுறேன், நீ ஏறு" என்றார். எட்டு இருபத்தைந்துக்குக் கிளம்பினோம். ஐயா, நெஞ்சு வலியோடு ஒருவர் பத்தொன்பது நிமிடம் கார் ஓட்டினார். ஒரு கையால் ஸ்டியரிங், மறு கையால் நெஞ்சு. பின் சீட்டிலிருந்து நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். செங்கல் சூளைத் திருப்பத்தைத் தாண்டியதும் காரை ஓரம் கட்டினார். "முடியல. நீயே ஓட்டு" என்றார். அப்போது மணி எட்டு நாற்பத்து நான்கு. அவரைப் பக்கத்துச் சீட்டுக்கு நகர்த்திவிட்டு நான் ஓட்டினேன்.

6. எட்டு ஐம்பத்திரண்டுக்குத் தங்கள் நடமாடும் சோதனைக் குழு எங்களை நிறுத்தியது. சாலையோரம் நீலத் தார்ப்பாய்க் கூடாரம், ஒரு மடக்கு மேசை, இரண்டு அலுவலர்கள். இளைய அலுவலர் என்னிடம் கேட்டது இது: "வண்டி யாருது? நீங்க எப்படி ஓட்டுறீங்க?" வண்டி இவருடையது, இவருக்கு நெஞ்சு வலி, மருத்துவமனைக்குப் போகிறோம் என்றேன். "ஆஸ்பத்திரிக்குப் போறோம்னுதான் எல்லாரும் சொல்றாங்க" என்றார். தினமும் நூறு பேர் பொய் சொல்வதைக் கேட்பவர் அவர். அவர் சந்தேகப்பட்டதில் எனக்குக் கோபமில்லை. சீட்டில் சாய்ந்திருந்தவரை ஒரு தடவை குனிந்து பார்த்திருக்கலாம். அதைச் செய்யாததில்தான் இன்றும் என் நெஞ்சு கொதிக்கிறது.

7. அப்போது என் கணவர் தம் சட்டைப் பையிலிருந்து அனுமதிச் சீட்டைத் தாமே எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினார். நீட்டியதோடு நிற்காமல், "சார், நான்தான் ஓட்டிட்டு வந்தேன். இவங்க இப்பதான் மாறி உக்காந்தாங்க. இவங்க மேல எதுவும் எழுதாதீங்க" என்றார். அந்த நிலையிலும் அவருக்கு என்னைப் பற்றிய கவலை, காரைப் பற்றிய கவலை. ஆய்வுத் தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். கார்க் கதவில் தாளை வைத்துப் போட்டார். அப்போது மணி ஒன்பது ஐந்து.

8. அதன் பிறகு பின்பக்கப் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். சேசிஸ் எண்ணைத் துடைத்துப் படித்தார்கள், இரண்டு முறை தவறாகப் படித்தார்கள். மூத்த அலுவலர் யாருக்கோ போன் செய்தார், அந்தப் பக்கம் எடுக்கவில்லை. நான் மேசைக்கும் காருக்கும் நடந்துகொண்டிருந்தேன். என் கணவர் என்னிடம் இரண்டு முறை "இன்னும் எவ்ளோ தூரம்?" என்று கேட்டார். ஒரு முறை ஜன்னலை இன்னும் இறக்கச் சொன்னார். ஒன்பது முப்பத்தொன்றுக்குக் காருக்குச் சீல் வைத்தார்கள். அதன்பின் வழியில் வந்த ஒரு காய்கறி வேனை அவர்களே நிறுத்தி அவரை ஏற்றினார்கள். தூக்கும்போது அவர் "மெதுவா" என்றார். நான் கேட்ட கடைசி வார்த்தை அதுதான். வேன் ஒன்பது நாற்பத்தேழுக்கு மருத்துவமனையை அடைந்தது. மருத்துவர் பரிசோதித்து, கொண்டுவரும்போதே உயிர் இல்லை என்று எழுதினார்.

9. பிப்ரவரி 4-ஆம் நாள் ஆணை எனக்குக் கிடைத்தது. அதன் நான்காம் பத்தியை அப்படியே தருகிறேன்: 'வாகனம் சோதனைக்கு நிறுத்தப்படும் முன்னரே சீட்டுதாரர் உயிரிழந்திருந்தமையால், நிபந்தனை ஏழின்படி அவர் வாகனத்தில் உடனிருந்ததாகக் கொள்ள இயலாது. எனவே வாகனம் பறிமுதலுக்குரியது.'

10. நிபந்தனை ஏழு என்னவென்று அன்றுதான் முதன்முதலாகத் தேடிப் படித்தேன். சீட்டின் பின்புறம் பொடி எழுத்தில் இருக்கிறது. சீட்டுதாரர் வண்டியில் உடனிருந்தால், இங்கே குடியிருக்கும் குடும்பத்தினர் வண்டியை ஓட்டலாம் என்கிறது அது. ஐயா, அதைப் படித்துவிட்டு நான் எடைமேடை அறையின் தரையில் உட்கார்ந்துவிட்டேன். வெளியே மூன்று லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. ஒன்பது ஆண்டுகளாக நான் அந்தக் காரை ஓட்டியிருக்கலாம். அன்று காலை வீட்டு வாசலிலிருந்தே ஓட்டியிருக்கலாம். அவர் பத்தொன்பது நிமிடம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டியிருக்கவே வேண்டாம். இருநூறு தடவைக்கு மேல் அந்தச் சீட்டு எங்கள் வீட்டு மேசையில் கிடந்திருக்கிறது. நாங்கள் இருவரும் முன்புறத்தை மட்டுமே பார்த்தோம், கெடு தேதிக்காக. இந்தத் தவறு எங்களுடையது. இதற்காக நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. எல்லையில் முத்திரை குத்தியவர்களும் ஒரு தடவைகூட எடுத்துச் சொல்லவில்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

11. ஆனால் நான்காம் பத்தி பொய். அதற்குச் சான்று தங்கள் அலுவலர் கையாலேயே எழுதிய ஆய்வுத் தாள். அதன் கார்பன் நகல் என்னிடம் உள்ளது. ஆறாவது கட்டத்தில், 'சீட்டுதாரர் தாமே வாகனத்தை ஓட்டி வந்ததாகப் பொய்த் தகவல் அளித்தார்' என்று எழுதி, நேரம் 9.05 என்றும் குறித்திருக்கிறார். எட்டு ஐம்பத்திரண்டுக்கு முன்பே இறந்துபோனவர் ஒன்பது ஐந்துக்கு எப்படிப் பொய் சொன்னார்? என் கணவர் அரசாங்கத்திடம் சொன்னதில் பொய் என்று பதிவானது அது ஒன்றாகத்தான் இருக்கும். அவர் உயிரோடு இருந்ததற்கு இன்று அதுவே எனக்குச் சாட்சியாக நிற்கிறது.

12. இதை எழுத்துமூலம் கேட்டதற்கு, தாளில் உள்ள கையொப்பம் அனுமதிச் சீட்டில் உள்ள கையொப்பத்தோடு ஒத்துப்போகவில்லை, ஆகவே அந்தத் தாளையே கணக்கில் எடுக்க இயலாது என்று பதில் வந்தது. உண்மைதான், ஒத்துப்போகவில்லை. சீட்டில் கையொப்பம் நேராக இருக்கிறது. தாளில் முதல் எழுத்துக்குப் பிறகு கோடு கீழே இறங்கிக்கொண்டே போகிறது. அன்று காலை அவர் கை எப்படி இருந்தது என்பதை அந்தக் கோடு காட்டுகிறது. தாங்கள் ஒரு முறை தங்கள் கண்ணால் பார்க்க வேண்டும்.

13. காய்கறி வேன் ஓட்டுநரைத் தேடிப் பிடித்தேன். அவருக்கு எல்லாம் நினைவிருக்கிறது. ஆனால் அவர் வாரத்தில் நான்கு நாள் அதே கூடாரத்தைக் கடந்து பிழைப்பவர். அவரைச் சாட்சிக்கு இழுக்க எனக்கு மனம் வரவில்லை. அவரும் வருகிறேன் என்று சொல்லவில்லை.

14. சென்ற திங்கட்கிழமை விசாரணைக் கண்காணிப்பாளர் என்னை வரச்சொன்னார். உட்காரவைத்தார், தண்ணீர் கொடுத்தார். தட்டச்சு செய்து வைத்திருந்த கடிதத்தை நகர்த்தினார். என் கணவர் சோதனைக்கு முன்பே இறந்துவிட்டார் என்று நான் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், துயர நிலையைக் கருதி, அபராதமின்றி வாகனம் வாரிசிடம் ஒப்படைக்கப்படும். "அம்மா, வண்டி உங்களுக்கு வந்துடும். எங்க பசங்களுக்கும் பிரச்சன இல்ல. எல்லாருக்கும் நல்லதுதானே?" என்றார். அன்பாகத்தான் சொன்னார். தங்கள் துறைக்கு அந்தக் கார் வேண்டாம், கூடாரத்தில் எங்களை நிறுத்தி வைத்த அந்த முப்பத்தொன்பது நிமிடம்தான் காணாமல் போக வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

15. கடிதத்தை வீட்டுக்கு எடுத்துவந்தேன். என் கொழுந்தனார் படித்துவிட்டு, "அண்ணனே போயிட்டாரு. எப்ப போனா என்ன அண்ணி? கையெழுத்தப் போட்டுட்டு வண்டிய எடுங்க" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. தங்களுக்குச் சொல்கிறேன். எப்போது போனார் என்பது எனக்கு முக்கியம். அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால், செங்கல் சூளைத் திருப்பத்திலிருந்து நான் ஓட்டிப்போனது ஒரு பிணத்தை என்று ஆகிறது. எவ்வளவு தூரம் என்று இரண்டு முறை கேட்டவருக்கு நான் பொய்யாக "கிட்ட வந்துட்டோம்ங்க" என்று சொன்னேனே, அது யாரிடம் சொன்னது? முதல் பத்தொன்பது நிமிடத்துக்கு நான் பொறுப்பு. சாகும்வரை அதைச் சுமந்தாக வேண்டும், சுமக்கிறேன். அடுத்த முப்பத்தொன்பதையும் என் தலையில் கட்டாதீர்கள்.

16. ஆகவே நான் வேண்டுவது ஒன்றே. நான்காம் பத்தியை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் 'காலை 9.31 வரை சீட்டுதாரர் வாகனத்தில் உயிருடன் இருந்தார்' என்று எழுத ஆணையிட வேண்டும். அப்படி எழுதினால் பறிமுதல் செல்லாது என்பதையும், அது தங்கள் துறைக்குச் சங்கடம் என்பதையும் அறிவேன். அந்தச் சங்கடத்தை என்னால் முடிந்தவரை குறைத்துத் தருகிறேன். கார் எனக்கு வேண்டாம். இந்த மனு மூலமாகவே அதன் மீதான என் உரிமையை விட்டுவிடுகிறேன். ஏலம் விடுங்கள், உடைத்துப் போடுங்கள், எதுவும் கேட்க மாட்டேன். அந்த ஒரு வரியை மட்டும் சரியாக எழுதித் தாருங்கள்.

தாங்கள் இதைத் தங்கள் கையாலேயே செய்வீர்கள் என்று நம்பும்,

(ஒப்பம்)
சீட்டுதாரரின் மனைவி

நாள்: மார்ச் 14
இடம்: சுங்கத் துறை வாகனக் காப்பு வளாகம், வெளிவாசல்

இணைப்புகள்:
1. ஆய்வுத் தாளின் கார்பன் நகல்.
2. ஒப்புதல் கடிதம், கையெழுத்திடாதது.
3. காரின் மாற்றுச் சாவி, ஒன்று.